குரோஷிய அகதிகள் குடியேறிய ஊர்... இப்போ இடம் போதலை! ஹோர்வாட்ஸ்கி குரோப் கதை தெரியுமா?

ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமம் ஹோர்வாட்ஸ்கி குரோப். ஊர்ப் பேரிலேயே வரலாறு இருக்கு. 'ஹோர்வாட்ஸ்கி' என்றால் 'குரோஷிய' என்று அர்த்தம்.

16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் துருக்கியர் படையெடுப்புக்குத் தப்பி, குரோஷியாவிலிருந்து வடக்கே ஓடிவந்த குடும்பங்கள் இங்கே குடியேறின. விவசாயம்தான் பிழைப்பு. சுற்றிலும் ஸ்லோவாக் மொழி பேசினாலும், இவர்களுடைய குரோஷிய வட்டார வழக்கு 20ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது. நானூறு வருஷம்! சாதாரண விஷயம் இல்லை.

இப்போது வருபவர்கள் அகதிகள் இல்லை, வீட்டுக்கடன் வாங்கிய தலைநகர்வாசிகள். 2001இல் 2 ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் 6 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான புது வீடுகள் 'கறுப்புத் தண்ணீர்' என்று பொருள்படும் சியெர்னா வோடா பகுதியில்தான்.

சிக்கல் எங்கே? ஸ்லோவாக்கியாவில் வருமான வரியில் கிராமங்களுக்கு வரும் பங்கு, நிரந்தர முகவரி பதிந்தவர்களின் எண்ணிக்கையையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. இங்கே குடியிருந்துகொண்டு, முகவரியை மட்டும் பழைய ஊரிலேயே வைத்திருப்பவருக்கும் ரோடு போடணும், குப்பை அள்ளணும். ஆனால் அவருக்கான பங்குப் பணம் அந்தப் பழைய ஊருக்குப் போய்விடும்.