வண்ணத்துக்கென்று அறுத்த மரம்

பழைய அலமாரி ஒன்றை வாங்கிவந்து, உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, நீலமோ பச்சையோ அடித்து, கதவில் நாலு பூவும் வரைந்துவிட்டால் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மெச்சுவார்கள். மீதிப் பேர் நல்ல மரத்தைக் கெடுத்துவிட்டதாக அங்கலாய்ப்பார்கள். மரம் என்றால் ரேகை தெரிய வேண்டும், பெயிண்ட் என்பது மட்டமான சரக்கை மூடும் போர்வை என்பது இந்த இரண்டாம் தரப்பின் நம்பிக்கை. மேற்கத்திய மரச்சாமான்களின் சரித்திரத்தைப் பார்த்தால், இந்த நம்பிக்கைக்கு அவ்வளவு வயதில்லை. மஹாகனி வாங்க வசதியிருந்த வீடுகளின் ரசனை, பிற்காலத்தில் எல்லா மரத்துக்குமான பொதுவிதியாக உயர்ந்துவிட்டது. அதற்கு முன் சாமானிய வீடுகளில் வண்ணம்தான் வழக்கம்.

இதற்கு வலுவான சாட்சி விண்ட்ஸர் நாற்காலி. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிலடெல்பியாவிலும் ஏராளமாகச் செய்யப்பட்ட இந்த நாற்காலிக்கு ஒரே மரம் போதாது. அமெரிக்க வகையில் உட்காரும் பலகை குடைவதற்கு எளிதான மென்மரத்தில் இருக்கும். கால்கள் கடைசலுக்கு இசைந்த மேப்பிளில். முதுகுக் கம்பிகள் வளைத்தாலும் ஒடியாத ஹிக்கரியில். மூன்று மரம், மூன்று நிறம். அப்படியே விட்டால் கண்ணுக்குப் பொருந்தாது என்பதால் பெரும்பாலும் பச்சை அடித்தே விற்றார்கள். அப்படிப்பட்ட நாற்காலிகளிலிருந்து பெயிண்ட் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிற பாதுகாப்பு நிபுணர்களுக்கு, அடியில் பச்சையும் அதன்மேல் வேறு வேறு நிறங்களும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. கை மாறிய நாற்காலிக்கு வண்ணம் மாற்றுவது இயல்பாக நடந்துவந்தது என்று பொருள். 20ஆம் நூற்றாண்டில்தான் பலர் அதையெல்லாம் சுரண்டி எடுத்து, தேன் நிற வார்னிஷ் பூசினார்கள். பிரிட்டனில் 1960, 70களில் பைன் மர அலமாரிகளை காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி வெளுக்கும் மோகம் பிடித்தது. பெயிண்ட் மட்டுமா போயிற்று, மூட்டுகளில் இருந்த வஜ்ஜிரமும் கரைந்தது. ‘மரத்தை மீட்கிறோம்’ என்று செய்த வேலை, மரம் ஒருநாளும் இருந்திராத நிலைக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்தியது. இன்றைக்கு முதல் பெயிண்ட் உதிராமல் இருக்கும் விண்ட்ஸருக்கே சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள்.

பூவும் பறவையும் ஒட்டி அழகுபடுத்தும் கைவேலை ஏழ்மையில் பிறந்தது என்பதும் சரியல்ல. 17ஆம் நூற்றாண்டில் சீன, ஜப்பானிய லாக்கர் பூச்சுப் பொருள்கள் ஐரோப்பியச் செல்வர்களைப் பைத்தியமாக்கின. சீனத்து மடக்குத் திரைகள் நம் சோழமண்டலக் கரைத் துறைகளில் கப்பல் மாறிப் போனதால் அங்கே அவற்றுக்கு ‘கோரமண்டல் திரை’ என்றே பெயர். அந்தப் பூச்சுக்கான மரப்பால் ஐரோப்பாவில் கிடைக்கவில்லை. எனவே இந்தியாவிலிருந்து போன அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிப் போலி செய்தார்கள். நம் ஆசாரிகள் பாலிஷ் போடப் பயன்படுத்திய அதே சரக்கு. ஜான் ஸ்டாக்கரும் ஜார்ஜ் பார்க்கரும் 1688இல் இதற்கு ஒரு கையேடே வெளியிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டு வெனிஸில் இன்னும் சுலபமான வழி வந்தது. பஸ்ஸானோ ஊரின் ரெமோண்டினி அச்சகம் படத்தாள்களை அச்சிட்டது. அவற்றுக்கு வண்ணம் தீட்டி, கத்தரித்து, மரத்தில் ஒட்டி, மேலே பல பூச்சு வார்னிஷ் கொடுத்தார்கள். லண்டனில் ராபர்ட் சேயர் 1762இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகமோ சீமாட்டிகளின் பொழுதுபோக்குக்கென்றே வந்தது.

பழைய சாமானும் இந்தக் கைவேலையும் நன்றாகக் கைகோத்தது 20ஆம் நூற்றாண்டில். 1913இல் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை தொடங்கிய ஒமேகா பட்டறை ஆயத்தமாகக் கிடைத்த சாமான்களை வாங்கி வண்ணம் தீட்டியது. அதில் பங்கெடுத்த ஓவியர்கள் வனெஸ்ஸா பெல்லும் டங்கன் கிராண்ட்டும் 1916இல் ஸஸெக்ஸின் சார்ல்ஸ்டன் பண்ணைவீட்டுக்கு வாடகைக்குப் போனபோது கதவு, கட்டில், அலமாரி, விறகுப் பெட்டி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் கேப் காட் பகுதியின் பிராவின்ஸ்டவுனில் பீட்டர் ஹன்ட் கழித்துப்போட்ட சாமான்களில் இதயமும் பூவும் வரைந்து விற்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புதுச் சாமான் அரிதாக, அவர் பாணி பரவியது. டூபான்ட் நிறுவனமே அவருடைய செய்முறையைச் சிறு நூலாகப் போட்டது. பெயிண்ட் விற்கிறவர்களுக்குக் கசக்குமா என்ன!

வண்ணம் பொய் சொல்கிறது என்ற ஆட்சேபம் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுடையது. ஒரு பொருளை இன்னொன்றாகக் காட்டும் பூச்சை அவர் 1849இல் ஏமாற்று என்று கண்டித்தார். மலிவு மரத்தில் சலவைக்கல் வரி தீட்டினால் அது உண்மைதான். ஆனால் நீலமாக மட்டுமே இருக்கும் நீல அலமாரி யாரை ஏமாற்றுகிறது? ரஸ்கினைப் போற்றிய ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸே தன் நண்பர் வில்லியம் மாரிஸின் 1859 திருமணத்துக்கு ஓர் அலமாரி முழுக்கச் சித்திரம் தீட்டிக் கொடுத்தார். விலை குறையும் என்ற ஆட்சேபத்துக்கு இன்னும் வலு அதிகம். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கு ரேகை காட்டவே இழைக்கப்பட்டது. அதன்மேல் எனாமல் அடிப்பவருக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் தேக்குக்கான நியாயத்தைப் பிளைவுட் பீரோவுக்கும் நீட்டுவதில்தான் தவறு. மூன்றாவது ஆட்சேபம் ரசனை பற்றியதல்ல, உடம்பைப் பற்றியது. அமெரிக்கா வீட்டு பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல். இந்தியாவில் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததோ 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்ட் ஒட்டியிருக்கும் சாமானை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். சுரண்டாமல், ஈரமாகத் தேய்த்து, பழைய பூச்சின் மேலேயே புதிதை ஏற்றுவதுதான் அங்கே பத்திரமான வேலை.