நல்ல தண்ணீர்

யாழ்ப்பாணத்தின் மேற்குக் கடலிலே கிடக்கும் வேலணைத் தீவில், நாரந்தனைக்கும் சரவணைக்கும் அயலூராக அமைந்த சுருவில் என்னும் சிற்றூரிலும், அதனைச் சூழ்ந்த தீவகக் கிராமங்களிலும், வெயிலில் நடந்து வந்த விருந்தாளிக்கு முதலிற் கிடைக்கும் உபசாரம் ஒரு செம்புத் தண்ணீர். செம்பை நீட்டும் வீட்டுக்காரி, "குடியுங்கோ, இது நல்ல தண்ணி" என்று சொல்லியே நீட்டுவாள். வெளியூராருக்கு வெறும் முகமனாகத் தோன்றக்கூடிய அச்சொல் உண்மையில் ஒரு வகைப்பாடு. முற்றத்துக் கிணற்றில் அள்ளிய சவர்த்தண்ணீர் இதுவன்று, இடுப்பிலே குடத்தை வைத்து ஒழுங்கைகளைக் கடந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சில கிணறுகளுள் ஒன்றிலிருந்து சுமந்து வந்தது என்பதே அதன் பொருள். குளிக்கவும் துவைக்கவும் ஒரு நீர், குடிக்கவும் உலை வைக்கவும் வேறொரு நீர் என்று பகுத்து வாழ்ந்த சரித்திரமே இத்தீவுகளின் வாழ்க்கைச் சரித்திரம்.

இக்காலத்துச் சுகாதார சாஸ்திரமும் பொதுக் குடிநீர் மூலங்களைப் பகுத்தே நோக்குகின்றது. ஆறு, குளம், ஏரி ஆகியவற்றின் நீர் மேற்பரப்பு நீர். கிணறும் ஊற்றும் தருவது நிலத்தடி நீர். முன்னையது வானத்துக்கும் விலங்குக்கும் மனிதருக்கும் திறந்து கிடப்பதால், வடித்துக் கிருமி நீக்கிய பின்னரே குடிக்கத் தக்கது. பின்னையதை மண்ணே வடித்துத் தருகின்றது என்பது பொது நம்பிக்கை. ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே தெளிவான கோடு கிழிக்க இயலாத இடங்கள் உண்டென்பதை உணர்ந்து, 1989ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கம் வகுத்த விதியொன்று, மேற்பரப்பு நீரின் நேரடிச் செல்வாக்குக்கு உட்பட்ட நிலத்தடி நீர் என மூன்றாவது வகையையும் ஏற்றுக்கொண்டது. பெருமழை பெய்தவுடன் கிணற்று நீர் கலங்குமாயின், அதன் வெப்பமும் உப்புத்தன்மையும் சடுதியாக மாறுமாயின், பாசியும் பூச்சிகளின் சிதைவுகளும் அதிலே காணப்படுமாயின், அது பெயரளவிலேதான் கிணறு. குணத்தால் அது குளமே என்பது அவ்விதியின் சாரம்.

அந்த மூன்றாவது வகைக்கு நிலத்திலேயே எழுதிவைத்த உதாரணமாக விளங்குவது யாழ்ப்பாணமும் அதன் தீவுகளும். மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர, குடாநாட்டிலே ஆறென்று சொல்லத்தக்கது வேறில்லை. தீவுகளில் அதுவும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் வாடைக்காற்றோடு வரும் மழையே ஆண்டு முழுவதற்குமான பெருமுதல். அதைத் தாங்கும் நிலமோ சுண்ணாம்புக்கல்; வெடிப்புகளும் பிலங்களும் நிறைந்த அக்கல், மேலே விழுந்த நீரைச் சொற்ப காலத்தில் கீழே இறக்கிவிடும் இயல்புடையது. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் இருப்பதும், கீரிமலையிலே கடலை ஒட்டி நன்னீர் ஊறி வருவதும் அக்கல்லின் விசித்திரங்களே.

நம் முன்னோர் நீர்நிலைகளுக்கு இட்ட பெயர்களை வரிசைப்படுத்தி நோக்கினால், மேல்நீர், கீழ்நீர் என்ற இருமையை அவர்கள் ஒரு சுவராகக் கருதாமல் ஒரு படிக்கட்டாகவே கண்டார்கள் என்பது புலப்படும். மழையை ஏந்துவது குளம். கோயிலருகே படிகட்டித் தோண்டியது கேணி. அகன்று ஆழமின்றி இருப்பது துரவு. மணலிலே கையாலும் மண்வெட்டியாலும் கிண்டி எடுப்பது பூவல். கல்லை வெட்டி இறக்கியது கிணறு. பூவலுக்காகக் கிண்டிய குழியின் அடியில் முதலில் மணல் நனைந்து கறுக்கும். பின்னர் ஓரங்களிலிருந்து நீர் கசியும். பின்னர் ஒரு சிரட்டை கொள்ளுமளவு தெளிந்து நிற்கும். அந்தச் சிரட்டைத் தண்ணீரைக் குளத்தின் இனத்திலே சேர்ப்பதா, கிணற்றின் இனத்திலே சேர்ப்பதா? நேற்றுப் பெய்த மழையே இன்று பூவலில் ஊறுகின்றது என்று கண்டவர்களுக்கு அப்படியொரு வினாவை எழுப்ப அவசியமே நேரவில்லை.

கிணற்றை யாழ்ப்பாணத்தார் வீட்டையும் வயலையும் போன்ற உடைமையாகவே மதித்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1707ஆம் ஆண்டில், இத்தேசத்து வழக்கங்கள் தேசவழமை என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. அவ்வழமை வழங்கும் இம்மண்ணில் இன்றும் காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் தனித்தனியே குறிக்கப்படுவதைக் காணலாம். காணி பிரிந்தாலும் கிணறு பிரியாது, உடன்பிறந்தாரைப் பல தலைமுறைகளுக்கு ஒரே கட்டிலே கூட்டிவைக்கும். அதே கிணற்றுக்கட்டு வேறொரு கதையையும் அறியும். தாகத்துக்கு ஜாதியில்லை, ஆயினும், தாமே அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, மற்றொருவர் வந்து வார்க்கும் வரையில் குடத்தோடு ஒதுங்கி நின்ற மக்கள் நம் மண்ணிலே இருந்தார்கள். நல்ல தண்ணீரின் சரித்திரத்தை எழுதுபவர், அந்த அநீதியை மறைத்து எழுதுவாராயின், அது பாதிச் சரித்திரமே ஆகும்.

தீவகத்துக் கிணற்றிலே நீர் அள்ளுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. வாளியைத் தடாலென்று அடிவரை இறக்காமல், நீர்மட்டத்தைத் தொட்டதும் கயிற்றைச் சற்றே ஒருபுறமாக அசைத்துச் சரித்து, மேல்நீரை மாத்திரம் மொண்டெடுக்க வேண்டும். பங்குனி, சித்திரையிலே நீர் வற்றும்போது, முதல் வாளிக்கும் பத்தாம் வாளிக்கும் உள்ள வேற்றுமையை நாக்கு அறியும். வேலணையை லைடன் என்று அழைத்த ஒல்லாந்தரின் தேசத்திலே நிலத்தடி நீரை ஆராய்ந்த பதோன் கைபென் என்ற படை அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், வடகடல் தீவுகளை ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901ஆம் ஆண்டிலும் இதன் காரணத்தைக் கணக்கிட்டுக் கூறினார்கள். நன்னீர் இலேசானது, ஆதலால் அது கனத்த கடல்நீரின்மேல் ஒரு வில்லையாக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும். மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். துலாவும் பட்டையும் மனித பலத்தின் அளவுக்கே இறைத்தன; இயந்திரமோ களைப்பறியாமல் இறைக்கும். இயந்திரம் வந்த பின்னர் பல கிணறுகள் உவர்த்துப்போனதன் ரகசியம் இந்தக் கணக்கிலேதான் இருக்கின்றது.

வேலணையின் சாட்டியிலும், மண்கும்பான், அல்லைப்பிட்டி மணற்பரப்புகளிலும், நெடுந்தீவின் சாராப்பிட்டியிலும் நன்னீர் தங்கியதற்கு, மழையைப் பஞ்சுபோல் ஏந்திக்கொள்ளும் மணலே காரணம். சாட்டிக் கிணறுகளின் நீர் தீவகத்தின் பிற ஊர்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. அந்த மணலை வண்டி வண்டியாக வீடு கட்ட அள்ளிச் செல்லும்போது அள்ளப்படுவது மணல் மாத்திரமன்று. 1990ஆம் ஆண்டின் யுத்தத்தில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர, கிணறுகள் இறைப்பாரின்றித் தூர்ந்தன. குளங்களைப் பற்றைகள் மூடின. இன்று பவுசர் வண்டியும், கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்களும் தாகந் தீர்க்க வருகின்றன, அவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் குழாயில் நீர் வந்துவிட்டது என்ற துணிவிலே குளத்தை மறப்பதும், நிலத்தடி நீர் தூய்மையானது என்ற பெயரை நம்பிக் கிணற்றருகே மலக்குழி வெட்டுவதும் பெருங்கேடு. சுன்னாகத்திலே நிலத்தடி நீரிற் கழிவெண்ணெய் கலந்த வழக்கில் 2019ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்துத் தீர்ப்பளித்தது. மேலே சிந்தியது கீழே சேரும் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை.

ஆதலால், குளம் ஒரு காரியாலயத்துக்கும் கிணறு மற்றொரு காரியாலயத்துக்கும் உரியதென்று ஏட்டிலே பிரித்து எழுதலாம். சுண்ணாம்புக்கல் அந்த ஏட்டைப் படிப்பதில்லை. ஆடி, ஆவணியிலே குளத்தின் தூரை வாரி, வரம்பைக் கட்டி, வெள்ளம் கடலுக்கு ஓடும் வாய்க்காலை மறித்து வைக்கும் ஊர், கார்த்திகை மழையைத் தன் கிணறுகளுக்கே ஊட்டுகின்றது. அந்த மழை கல்லினூடே இறங்கி, கடலைக் கீழே அழுத்தி, வெயில் முதிரும் சித்திரையிலே குடத்துக்குள் வந்து சேரும். அப்பொழுது சுருவிலின் ஒரு வாசலிலே செம்பை நீட்டும் கை, "இது நல்ல தண்ணி" என்று மெய்யாகவே சொல்லக்கூடியதாய் இருக்கும்.