அழகா, சௌகரியமா? ஒரு வெள்ளை ஷூவின் கதை

போன மாதம் என் பிறந்த நாளுக்குப் பேரன் ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கி வந்தான். கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும், தட்டையான அடி, பழைய காலத்து அமைப்பு. "ரெட்ரோ தாத்தா! இப்போ இதுதான் ஸ்டைல், போட்டுப் பாருங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் விளையாட்டு வகுப்புக்கு ஏறக்குறைய இதே தோற்றத்தில் கான்வாஸ் ஷூ அணிந்தவர்கள்தானே நாங்கள்! அழுக்கானால் சாக்பீஸை நனைத்துத் தேய்த்து வெள்ளையாக்குவோம். பிரெஞ்சில் அந்த ஷூவுக்கே "தெனிஸ்" என்றுதான் பெயர்.

பெயர் சும்மா வரவில்லை. அந்தக் காலத்து டென்னிஸ் ஆட்டக்காரர்கள் கான்வாஸ் துணியும் ரப்பர் அடியும் கொண்ட ஷூவில்தான் ஆடினார்கள். துணி லேசானது, ஆனால் சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போது பாதத்தை இறுகப் பிடிக்காது. 1960-களின் நடுவில் அடிடாஸ் நிறுவனம் தோலால் ஒரு டென்னிஸ் ஷூ செய்து, பிரெஞ்சு வீரர் ரொபேர் அய்யேயின் பெயரைச் சூட்டியது. 1960-இல் பாரீஸ் போட்டியில் அரையிறுதி வரை வந்தவர் அவர். அந்த ஷூவின் பக்கங்களில் வழக்கமான மூன்று கோடுகளுக்குப் பதில் மூன்று வரிசைத் துளைகள். குதிகாலுக்குப் பின்னால் சிறு மெத்தை.

அய்யே ஓய்வு பெற்றதும், 1972-இல் விம்பிள்டன் வென்ற அமெரிக்கர் ஸ்டான் ஸ்மித்தைப் பிடித்தார்கள். சில காலம் ஷூவின் நாக்கில் ஸ்மித்தின் படம், பக்கத்தில் அய்யேயின் பெயர்! எங்கள் அலுவலகத்தில் மாறுதலாகிப் போனவரின் பெயர்ப்பலகை மாதக்கணக்கில் மேசையிலேயே கிடந்தது நினைவுக்கு வந்தது. 1978-இல் ஷூவின் பெயரே ஸ்டான் ஸ்மித் ஆயிற்று. பிறகு ஆட்டக்காரர்கள் புதுவகை ஷூக்களுக்குப் போய்விட, இது தெருவுக்கு வந்தது. இடையில் சில ஆண்டுகள் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு, 2014-இல் திரும்பக் கொண்டுவந்தபோது பெரும் மோஸ்தர் ஆகிவிட்டது.

கவனியுங்கள் நண்பர்களே: இன்று அழகென்று நாம் பார்க்கும் தோலும் துளையும் மெத்தையும் அன்று சௌகரியத்துக்காக வைத்தவை. ஆனால் அது இருபத்தைந்து வயது ஆட்டக்காரனுக்கு ஏற்ற சௌகரியம். நம் குதிகாலுக்கு அடியில் இயற்கை வைத்த கொழுப்பு மெத்தை வயதாக ஆக மெலிந்துவிடுகிறது. தட்டையான அடி அதை ஈடு செய்யாது.

பேரன் தந்தது வேறு கம்பெனியின் ஷூ. ஒரு வாரம் கடற்கரைச் சாலையில் அதைப் போட்டு நடந்தேன், குதிகால் வலித்தது. குற்றம் ஷூவின் மேல் இல்லை, என் வயதின் மேல். பேரனிடம் சொல்லத் தயங்கினேன். பையன் மனம் நோகுமே! கடைசியில் இந்தக் கதையோடு சேர்த்துச் சொன்னேன். "அப்போ வாக்கிங்குக்கு வேற வாங்கலாம் தாத்தா" என்று அன்றே கடைக்குக் கூட்டிப் போனான். மாலையில்தான் போனோம், பாதம் சற்று வீங்கியிருக்கும் அந்த நேரம்தான் அளவு பார்க்கச் சரி.

இப்போது காலை நடைக்குத் தடித்த மெத்தை ஷூ. கல்யாண வீட்டுக்குப் பேரன் தந்த வெள்ளை ஷூ. அங்கே உட்காரத்தானே போகிறோம்!