சுருட்டுக்கு எவ்வளவு ஈரம் வேண்டும்?

சுருட்டை எந்த ஈரப்பதத்தில் வைக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். 70 சதவீதம்! வெப்பநிலை 70 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 21 டிகிரி செல்சியஸ். இதற்கென்றே ஸ்பானிஷ் சீடர் என்ற வாசனை மரப்பலகை பதித்த பெட்டிகள் உண்டு. ஹியூமிடர் என்று பெயர். உள்ளே ஈரமானி ஒன்று இருக்கும். முள் 70-ல் நின்றால் சுருட்டுக்காரருக்கு நிம்மதி.

சரி, சுருட்டு என்ற சொல்லையே ஆங்கிலத்துக்குக் கொடுத்த ஊர் நம்முடையது. 'செரூட்' என்று வெள்ளைக்காரர்கள் சொன்னது நம் 'சுருட்டு' தான். அப்படிப்பட்ட தமிழ்நாட்டில் இந்த 70 என்ற கணக்கு எவ்வளவு தூரம் செல்லும்? கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினால் சுவையான விஷயங்கள் கிடைக்கின்றன.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஈரத்தின் அருமை தெரியும். தோல் அதிகமாகக் காய்ந்தால் விறைத்துப் போகும், மடித்தால் வெடிக்கும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பச்சைத் தோலைக் கெடாமலும் விறைக்காமலும் இருக்கும் நிலைக்குக் கொண்டு வருவதற்குப் பெயர் பதனிடுதல். பதன், பதம் இரண்டும் ஒன்றுதான். பாகுக்குப் பதம் உண்டு, மாவுக்குப் பதம் உண்டு, புகையிலைக்கும் பதம் உண்டு. சதவீதக் கணக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தச் சொல் இருந்திருக்கிறது.

புகையிலை நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து மண்ணில் அது நன்றாக ஊன்றிக் கொண்டது. அந்த இலையைக் கொண்டு திண்டுக்கல்லிலும் திருச்சி உறையூரிலும் சுருட்டு செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் 'டிரிச்சினாப்பள்ளி' என்றாலே லண்டனில் சுருட்டு என்று அர்த்தம். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலை வைத்து அது திருச்சி சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். சென்னையின் புகழ்பெற்ற ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது.

இந்தச் சுருட்டு கைக்கு வரும் வரை இலைக்கு எத்தனை விதமான ஈரம் தேவைப்பட்டது என்று பாருங்கள்.

அறுத்த இலையைத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். நன்றாகக் காய்ந்த இலையைப் பகலில் தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். அதனால் பனி இறங்கியிருக்கும் விடியற்காலையில் தான் அதைக் கையாள வேண்டும். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இலை துவண்டு கொடுக்கும். இது முதல் ஈரம்.

பிறகு இலைகளைக் குவியலாக அடுக்கி வைப்பார்கள். இப்போது ஈரம் அதிகம் வேண்டும். அப்போது தான் உள்ளே சூடு ஏறிப் புளிப்பு நடக்கும், காரநெடி குறையும். சூடு எல்லை மீறினால் இலை கருகிவிடும். ஆகவே குவியலைப் பிரித்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். இது இரண்டாவது ஈரம்.

மூன்றாவது, சுருட்டுபவரின் ஈரம். மேலே சுற்றும் இலை துணி போல இழுத்தால் வர வேண்டும். அதற்குத் தண்ணீர் தெளித்துப் பதமாக்குவார்கள். ஆனால் அதே ஈரத்தோடு சுருட்டைப் பெட்டியில் போட்டால் சில நாட்களில் பூஞ்சைதான். அதனால் சுருட்டிய பிறகு மறுபடி ஆற விட வேண்டும். கடைசியில் புகைப்பவர் கைக்கு வரும்போது இருப்பது நான்காவது ஈரம். அந்த 70 சதவீதக் கணக்கு இந்த நான்காவதுக்கு மட்டும் உரியது!

அந்த 70-ம் கூட எங்கே பிறந்தது? சுருட்டுக்குப் பேர் போன ஹவானா கடலோர ஊர். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் இருக்கும். அங்கே செய்த சுருட்டு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனால், குளிர்காலத்தில் கணப்பு போட்ட அறைகளில் காற்று வறண்டு கிடக்கும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கூட இறங்கும். சுருட்டு வெடித்து, வேகமாக எரிந்து, தொண்டையைக் கமறும். ஆகவே ஹவானாவின் காற்றில் கொஞ்சத்தைப் பெட்டிக்குள் அடைத்து வைக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. குளிர் நாட்டுக்காரரின் கவலை எல்லாம் சுருட்டு காய்ந்துவிடக் கூடாது என்பது.

தமிழ்நாட்டில் கவலை இரட்டிப்பு. திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் சித்திரை, வைகாசி வெயிலில் காற்று வறண்டு சுருட்டு காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே சுருட்டு நமத்துப் போகும். ஒரே கிடங்கில் ஒரே ஆண்டில் ஈரம் கொடுக்கும் வேலையும் ஈரத்தை எடுக்கும் வேலையும் செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஈரப்பதம் என்பது காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு. 21 டிகிரி செல்சியஸில் 70 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் நீராவி. 32 டிகிரியில் அதே 70 சதவீதம் என்றால் சுமார் 24 கிராம்! இலை பெரும்பாலும் சதவீதத்தைத்தான் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் பூஞ்சையும் வண்டும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும். புகையிலை வண்டு மிக வேகமாகப் பெருகுவது 30 டிகிரியை ஒட்டித்தான். நம் ஊரின் சாதாரண நாள்! அதனால் வெப்ப நாடுகளில் 62 முதல் 65 சதவீதமே பாதுகாப்பு என்று இன்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். வேடசந்தூரில் 1948-ல் சுருட்டுப் புகையிலைக்கென ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது என்பதையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது இலையின் கணக்கு. இனி பணத்தின் கணக்கு.

புகையிலை எடை போட்டு விற்கப்படும் சரக்கு. 14 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ இலையை எடுத்துக் கொள்வோம். அதில் உலர்ந்த பொருள் 86 கிலோ. கோடையில் ஈரம் 10 சதவீதமாக இறங்கினால் மொத்த எடை சுமார் 95.5 கிலோ ஆகிவிடும். யாரும் திருடவில்லை, எதுவும் கொட்டவில்லை, நாலரை கிலோ காணாமல் போய்விட்டது! அடக்கவிலைக் கணக்கியல் வகுப்பில் 'நார்மல் லாஸ்' என்று படிப்பது இதுதான். மழைக்காலத்தில் இதே கணக்கு திரும்பி நடக்கும். வாங்குபவர் தண்ணீருக்குக் காசு கொடுப்பார்.

இரண்டாம் உலகப் போர் நடந்த 1943-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு புகையிலைக்குக் கலால் வரி விதித்தது. தயாரித்த சரக்குக்கு மட்டுமின்றி, பாடம் செய்த இலைக்கும் எடைக்கு இவ்வளவு என்று வரி. உரிமம் பெற்ற பண்டகசாலையில் இலையை இருப்பு வைத்து, வெளியே எடுக்கும்போது வரி கட்டலாம். உள்ளே வந்த எடை ஒன்று, வெளியே போகும் எடை ஒன்று. நடுவில் குறைந்தது காய்ந்ததால் குறைந்ததா, இல்லை வரி கட்டாமல் பின்வாசல் வழியாகப் போனதா? அதிகாரிக்குச் சந்தேகம், வியாபாரிக்குத் தலைவலி. புகைப்பவருக்கு ருசியாக இருந்த ஈரம், இங்கே நேர்மைக்குச் சாட்சி ஆகிவிட்டது. தயாரிக்கப்படாத புகையிலை மீதான இந்த வரி 1979-ல் தான் நீக்கப்பட்டது.

கடைசியாக, இலையை நனைக்கும் கைகள்.

20-ஆம் நூற்றாண்டில் சுருட்டின் இடத்தைப் பீடியும் சிகரெட்டும் பிடித்துக் கொண்டன. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் பீடி வீட்டுத் தொழிலாகப் பரவியது. சுற்றுவது பெரும்பாலும் பெண்கள். பீடி இலை காய்ந்த நிலையில் வரும். அதை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, பதமான பிறகே கத்தரியால் நறுக்க முடியும். நனைத்தது போதாவிட்டால் இலை உடையும். அதிகமானால் அழுகும், பீடி பூஞ்சை பிடிக்கும். கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. நனைக்கும் நேரத்துக்கும் நறுக்கும் நேரத்துக்கும் தனிக் கூலி கிடையாது. கொடுத்த இலையில் கணக்குப்படி பீடி வராவிட்டால் நஷ்டம் சுற்றியவர் தலையில்.

1966-ல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்காக ஒரு சட்டம் இயற்றியது. அதில் கவனிக்க வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. பீடி இலையையோ புகையிலையையோ நனைப்பது, நறுக்குவது ஆகிய வேலைகளைத் தொழிற்கூடத்துக்கு வெளியே செய்ய மாநில அரசு அனுமதி தரலாம் என்கிறது அது. ஈரப்படுத்துவதும் ஒரு வேலைதான் என்று சட்டப் புத்தகமே ஒப்புக் கொண்ட இடம் இது. ஆனால் வேலை வீட்டுக்குப் போனதும் அதன் நேரத்தைக் கணக்கெடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. அந்தச் சட்டம் 2020-ல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது.

புகையிலை உடலுக்கு என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுருட்டு வாய்ப் புற்றுநோயைத் தரும். சுற்றுபவர் புகைக்காவிட்டாலும் தூளும் நிகோடினும் அவர் உடலுக்குள் போகும். இந்தத் தொழில் தேய்வதைப் பற்றி யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை.

ஆனால் கணக்கைச் சரியாக எழுத வேண்டும். சுருட்டுக்குச் சரியான ஈரம் எவ்வளவு என்ற கேள்விக்குப் புகைப்பவர் 70 என்பார். கோடையில் வாங்கிய வியாபாரி இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்பார். வரி அதிகாரி ஏறாமலும் இறங்காமலும் இருக்கட்டும் என்பார். இலையைத் தடவிப் பார்த்துப் பதம் சொன்னவரிடம் மட்டும் எந்த எண்ணும் கிடையாது. அவர் விரலை நம்பித்தான் மற்ற மூன்று பேரின் கணக்கும் ஓடியது. அந்த விரலுக்கான கூலி மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.