தேற்றத்தை உருவாக்கும் உரிமை யாருக்கு? நிரல் தொகுதிகளின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

நிரலைச் செயற்கூறுகளாகவும் தொகுதிகளாகவும் ஏன் பிரிக்கிறோம் என்று கேட்டால், நம் பாடத்திட்டங்கள் தரும் விடை பெரும்பாலும் வசதியைச் சார்ந்தது: படிக்க எளிது, திருத்த எளிது, மீண்டும் பயன்படுத்தலாம். இவ்விடை தவறன்று. எனினும் செயற்கூற்று நிரலாக்க மரபில் தொகுதி என்னும் கருத்து உருப்பெற்ற வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அதற்கு அடியில் இன்னும் கடுமையான ஒரு வினா இருப்பது தெரியவரும். கணினி ஒரு முடிவைச் சொல்லும்போது அதை எந்த அடிப்படையில் நம்புவது?

1972இல் டேவிட் பார்னாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து தொடங்கலாம். ஒரே சொல்லடைவு நிரலை அவர் இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். முதல் வகை வேலையின் படிநிலைகளைப் பின்பற்றியது. இரண்டாவது வகையில், பின்னர் மாறக்கூடிய ஒவ்வொரு வடிவமைப்பு முடிவும் ஒரு தொகுதிக்குள் மறைக்கப்பட்டது. எதைப் பிறர் அறியத் தேவையில்லையோ அதுவே தொகுதியின் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் வாதம். மறைத்தல் இங்கு மாற்றத்தை எளிதாக்கும் உத்தி.

அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் ராபின் மில்னர் வேறொரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். டேனா ஸ்காட் 1969இல் வகுத்த தருக்க முறையை அடிப்படையாகக் கொண்டு, நிரல்களைப் பற்றிய தேற்றங்களை நிறுவ உதவும் எல்சிஎஃப் என்ற அமைப்பை மில்னரும் குழுவினரும் உருவாக்கியிருந்தனர். அதில் இரு குறைகள் தென்பட்டன. நிறுவலின் ஒவ்வோர் அடியையும் சேமித்ததால் கணினியின் நினைவகம் விரைவில் நிரம்பியது. நிறுவல் கட்டளைகளோ முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை. பயனர் தமக்குரிய புதிய உத்திகளை எளிதில் சேர்க்க இயலவில்லை.

இரு குறைகளுக்கும் உரிய தீர்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றின. நிறுவலைச் சேமிக்காமல் முடிவை மட்டும் வைத்துக்கொண்டால், அது முறையாகப் பெறப்பட்டதா என்று பின்னர் எப்படி அறிவது? பயனர் விருப்பம்போல் நிரல் எழுத அனுமதித்தால், பொய்யான ஒன்றையும் தேற்றம் என்று அவர் அறிவித்துவிடலாம் அல்லவா?

1973இல் எடின்பரோ சென்ற மில்னர், அங்கே தம் சகாக்களுடன் வடிவமைத்த எம்எல் மொழியில் இதற்கு விடை கண்டார். தேற்றம் என்பது அம்மொழியில் ஓர் அருவத் தரவு வகை. அதன் உள்ளமைப்பு வெளியே தெரியாது. அவ்வகை மதிப்பை உருவாக்கும் வழிகள் அடிக்கோள்களும் தருக்கத்தின் அனுமான விதிகளும் மட்டுமே. அவ்விதிகள் செயற்கூறுகளாக எழுதப்பட்டன. பயனர் எத்தனை ஆயிரம் வரிகள் எழுதினாலும், தேற்றம் என்ற வகையில் ஒரு மதிப்பு அவர் கைக்கு வந்தால் அது அவ்விதிகளின் வழியே வந்ததாகத்தான் இருக்க முடியும். இதை உறுதிசெய்யும் காவல் பொறுப்பை மொழியின் வகைச் சரிபார்ப்பு ஏற்றுக்கொண்டது. நிறுவலைச் சேமிக்கும் தேவையும் நீங்கியது.

இரண்டாம் குறையைச் செயற்கூறுகள் தீர்த்தன. எம்எல்லில் செயற்கூறு என்பது எண்ணைப் போலவே ஒரு மதிப்பு. அதை வேறொரு செயற்கூற்றுக்கு உள்ளீடாகத் தரலாம், விடையாகவும் பெறலாம். நிறுவல் உத்தி ஒவ்வொன்றும் அவ்வாறே ஒரு செயற்கூறு ஆயிற்று. அது ஓர் இலக்கைச் சிறு இலக்குகளாகப் பிரிக்கும். அவை நிறுவப்பட்டால் முழு இலக்கை நிறுவும் வழியையும் மற்றொரு செயற்கூறாகத் திருப்பித் தரும். ஓர் உத்தி தோற்றால் மற்றொன்றை முயல்க, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்க, இயலும்வரை திரும்பச் செய்க என்றெல்லாம் உத்திகளை இணைக்கும் உயர்நிலைச் செயற்கூறுகளும் எழுந்தன. கணிதத்தில் சார்பு என்றும் கணினியில் செயற்கூறு என்றும் நாம் இரு சொற்களால் குறிப்பவை இங்கே மிக நெருங்கி வருகின்றன.

நிரல்கள் பெருகியபோது தனித்தனி அருவ வகைகள் போதவில்லை. 1984இல் டேவிட் மெக்வீன் ஸ்டாண்டர்டு எம்எல் மொழிக்கான தொகுதி அமைப்பை முன்வைத்தார். தொடர்புடைய வகைகளையும் மதிப்புகளையும் ஒன்றுசேர்ப்பது ஸ்ட்ரக்சர். வெளியே எது தெரியலாம் என்று வரையறுப்பது சிக்னேச்சர். ஒரு தொகுதியைப் பெற்று இன்னொரு தொகுதியைத் தருவது ஃபங்க்டர். வரிசைப்படுத்தத்தக்க எந்த வகையைக் கொடுத்தாலும் அதற்குரிய கணத் தொகுதியைத் தரும் ஃபங்க்டரை ஒருமுறை எழுதினால் போதும். செயற்கூறு என்ற கருத்தே தொகுதிகளின் தளத்திற்கு உயர்ந்தது. 1990இல் வெளிவந்த மொழி வரையறை இவற்றுக்கும் முறையான கணிதப் பொருள் தந்தது.

இவ்வரலாற்றின் பயனைக் கெப்ளர் கருதுகோளில் காணலாம். தாமஸ் ஹேல்ஸ் 1998இல் அறிவித்த நிறுவலை ஆராய்ந்த நடுவர்கள், 99 விழுக்காடு உறுதி என்பதற்கு மேல் சொல்ல இயலாமல் நின்றனர். ஹேல்ஸ் தொடங்கிய ஃப்ளைஸ்பெக் திட்டம் பெரும்பாலும் ஹோல் லைட் அமைப்பையும், ஒரு பகுதிக்கு இசபெல் அமைப்பையும் கொண்டு 2014இல் முறைசார் நிறுவலை நிறைவு செய்தது. இரண்டுமே எல்சிஎஃப் மரபின் வழித்தோன்றல்கள். ஹோல் லைட்டின் தருக்கக் கருவில் அடிப்படை அனுமான விதிகள் 10 மட்டுமே. அதற்கு வெளியே எழுதப்பட்ட பெருந்திரளான நிரலில் பிழை இருந்தால் நிறுவல் தடைபடும். பொய்த் தேற்றம் பிறக்காது.

இந்நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. கருவில் பிழை இருக்கலாம், நிரல்பெயர்ப்பி தவறலாம், தேற்றத்தின் கூற்றையே நாம் பிழையாக எழுதியிருக்கலாம். காக் போன்ற அமைப்புகள் நிறுவலையும் ஒரு பொருளாகச் சேமித்து, தனியே சரிபார்க்கும் மாற்று வழியைத் தேர்ந்தன. ஆயினும் இரு வழிகளும் நம்ப வேண்டிய பகுதியைச் சிறிதாக்கி, அதைச் சுற்றி எல்லை வகுக்கின்றன.

இன்று மாணவர் பலருக்குத் தொகுதி என்பது ஒரு கோப்பு அல்லது ஓர் அடைவு. அப்பழக்கத்தில் நாம் இழப்பது ஒரு கேள்வியை. இந்தத் தரவை உருவாக்கும் உரிமை யாருக்கு, அவ்வுரிமை மீறப்படாமல் காப்பது எது? வங்கி இருப்பாயினும் மருந்தின் அளவாயினும், நிரலைப் பிரிக்கத் தொடங்குமுன் இதைக் கேட்கும் மாணவர், எல்லையை எங்கே வரைய வேண்டும் என்பதைத் தாமே கண்டுகொள்வார். பாடம் நடத்தும் நண்பர்கள் செயற்கூறுகளின் இலக்கணத்தோடு இந்த வரலாற்றுக்கும் ஒரு வகுப்பேனும் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.