எம்டனும் எனிக்மாவும்

எங்கள் ஊர்ப்பக்கம் கில்லாடியான ஆளை 'சரியான எம்டன்' என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது.

நமக்கு எம்டன்தான் தெரியும். ஆனால் அதற்கு முந்தின மாதம் பால்டிக் கடலில் தரைதட்டிய மாக்டபர்க் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பல்தான் பெரிய வேலை செய்தது. அதிலிருந்த சங்கேதப் புத்தகம் ரஷ்யர்களிடம் சிக்கியது. ஒரு பிரதியை அவர்கள் பிரிட்டிஷாருக்குக் கொடுத்தார்கள். 1923-ல் சர்ச்சில் தன் நூலில் இதை எழுதிய பிறகுதான் ஜெர்மானியருக்கு விஷயம் முழுசாக உறைத்தது. இனி புத்தகத்தை நம்பிப் பயனில்லை, இயந்திரம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

இயந்திரம் தயாராகவே இருந்தது. ஆர்தர் ஷெர்பியஸ் என்ற எஞ்சினியர் 1918-ல் காப்புரிமை கேட்ட எனிக்மா. அவர் அதை யாருக்கு விற்க நினைத்தார் தெரியுமா? கம்பெனிகளுக்கும், எங்களைப் போன்ற பாங்க்காரர்களுக்கும்! அவ்வளவாக விற்கவில்லை. 1926-ல் கடற்படை எடுத்துக்கொண்டது, பிறகு ராணுவமும்.

ஓர் எழுத்தைத் தட்டினால் மின்சாரம் சில சக்கரங்கள் வழியாகப் போய் வேறோர் எழுத்தின் விளக்கை எரிக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் சக்கரம் நகரும். அதனால் அதே எழுத்தை மறுபடி தட்டினால் வேறு விளக்கு எரியும். ராணுவம் பிளக் போர்டு சேர்த்தது. 1938-ல் மூன்று சக்கரங்களை ஐந்திலிருந்து பொறுக்கும் முறை வந்தது. மொத்த வாய்ப்புகள் சுமார் 159, அதற்குப் பின்னால் 18 சைபர்! 1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிகளுக்கு நாலாவது சக்கரமும் வந்தது.

ஆனால் போலந்தின் மரியான் ரெயெவ்ஸ்கி 1932 டிசம்பரிலேயே அதன் உள் வயரிங்கைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு உதவியவை இரண்டு. ஒன்று, ஜெர்மன் சைஃபர் அலுவலக ஊழியர் ஒருவர் பணத்துக்கு விற்ற காகிதங்கள். இரண்டு, தப்பு வரக்கூடாதே என்று ஒவ்வொரு செய்தியின் மூன்றெழுத்துச் சாவியையும் இருமுறை தட்டிய வழக்கம்.

மேலிடத்துத் தகவல்களுக்கு 12 சக்கரம் கொண்ட லோரன்ஸ் இயந்திரம் இருந்தது. 1941 ஆகஸ்ட் 30-ல் ஏறக்குறைய 4,000 எழுத்துள்ள ஒரு செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. ஆபரேட்டர் சாவியை மாற்றாமலே, சில சொற்களை மட்டும் சுருக்கி, மறுபடி அனுப்பினார். அது போதுமானதாக இருந்தது. பிரிட்டிஷார் இரண்டையும் ஒப்பிட்டுப் பிரித்தார்கள். பில் டட் என்ற இளைஞர் இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமலே அதன் அமைப்பைச் சொல்லிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் 31 இரவு, தானேயிலிருந்து கோபர்கைரனே வரும் கடைசி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், என் பாஸ்வேர்டை ஜூனியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பத்துப் பைசா போகவில்லை, மெமோதான் வந்தது. 'ஒரே ஒரு தடவைதான் சார்' என்று பதில் எழுதினேன்.

அந்த ஆபரேட்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.