காமன் கூத்து வாத்தியார்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் ஆடப்படும் காமன் கூத்துக்கு ஆள் தெரிந்து, பாட்டும் ஆட்டமும் பழக்கி, கூத்தன்று விடியும்வரை முன்னின்று நடத்துபவர் கூத்து வாத்தியார். மாஸ்டர் என்றும் அழைப்பதுண்டு. நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் நாடகம் ஒரு பாடமாகப் பள்ளிக்கூடத்துக்குள் வருவதற்குப் பல தலைமுறை முன்பே நாடக ஆசிரியர் என்று சொல்லத் தக்கவராக இருந்தவர் இவரே. பெரும்பாலும் அவரும் ஒரு தோட்டத் தொழிலாளிதான். பகலில் கவ்வாத்து வெட்டவோ உரம் போடவோ மலைக்குப் போய், இரவில் சலங்கை கட்டியவர்களுக்கு முன் தாளத்துடன் நிற்பவர்.

காமனை வழிபடுவது தமிழில் மிகப் பழைய வழக்கம். புகார் நகரில் காமவேள் கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியைக் காமதேவனை நோன்பிருந்து வேண்டுவதிலேயே தொடங்குகிறாள்; அந்த நோன்பும் தையிலும் மாசியிலும்தான் நடக்கிறது. 1670களில் தஞ்சையில் தொடங்கிய மராட்டியர் ஆட்சியின் வழியே லாவணி வந்து இவ்விழாவோடு சேர்ந்தது. மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் இரவெல்லாம் பாடி வாதிடுவது அதன் வடிவம். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் வட்டாரங்களில் காமன் பண்டிகை ஊர்த் திருவிழாவாகவே நிலைத்திருந்தது. தமிழ்நாட்டில் வாதம் ஓங்கியது என்றால் மலையகத்தில் ஆட்டமே ஓங்கியது.

கடலைத் தாண்டி அது வந்த வழி, தொழிலாளர் வந்த வழியேதான். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பியை அழிக்க, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் ஆட்கள் ஊர் திரும்பலாம். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும் என்பதால் குடும்பங்கள் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் நிலையாகத் தங்கின. பெரிய கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே கூட்டி வந்ததால் ஊர்த் தெய்வங்களும் ஊர்க் கூத்தும் சிதறாமல் வந்து சேர்ந்தன. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவையும் இப்படி வந்தவையே. ஆனால் காமன் கூத்துபோல் ஒரு தோட்டம் முழுவதையும் இரண்டு வாரம் கட்டிப்போடும் கூத்து வேறில்லை.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று காமன் ஊன்றுவார்கள். கரும்பு, ஆமணக்குத் தண்டு, அரசங்கிளை முதலியவற்றை வைக்கோல் பிரியால் சேர்த்துக் கட்டி நடுவது வழக்கம். அந்த வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். பல தோட்டங்களில் ஆண்டு முழுவதும் அந்தப் பெயராலேயே அதைச் சுட்டுவார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். சிவன் தவத்தைக் கலைக்க மன்மதன் அனுப்பப்படுவான், நெற்றிக்கண்ணால் எரிவான், ரதி புலம்புவாள், மன்மதன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெறுவான். இடையில் தூதன், குறவன், குறத்தி, எமன், வீரபத்திரன் எல்லாரும் வந்து போவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமனை எரிப்பதோடு கூத்து உச்சத்தை அடையும். இதைச் சடங்கு என்று மட்டும் வகைப்படுத்துவோர் உண்டு. பாத்திரம், ஒப்பனை, பயிற்சி, பாடம் நான்கும் உள்ள ஒன்றை நாடகம் என்று ஏற்கத் தயங்குவதற்குக் காரணமில்லை.

அந்தப் பாடம் வாத்தியாரிடம் உள்ள கொப்பியில் இருக்கும். தகப்பனிடமோ முந்திய வாத்தியாரிடமோ கேட்டு எழுதியது, அல்லது தமிழ்நாட்டிலிருந்து வந்த அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் ஆட வருவார்கள் என்பதால் கொப்பி வாத்தியாருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குக் காதுதான் ஏடு. அவர் ஓர் அடியைப் பாடுவார், ஆடுபவர் திருப்பிப் பாடுவார். பாட்டு மனத்தில் நின்ற பின்புதான் காலுக்கு வேலை. ரதியும் மன்மதனும் ஒரே அடியில் எதிரெதிராக நகர்ந்து, ஒரே தாளத்தில் திரும்பி, மறுபடி முகத்துக்கு முகம் வர வேண்டும். ஒருவர் அரைத் தாளம் பிந்தினாலும் தப்பு அடிப்பவர் நிறுத்திவிடுவார். அதிகாலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பிய தப்புதான் இரவில் கூத்துக்கும் முழங்கியது. தப்புக் கலைஞர்களும் வாத்தியாருக்கு இணையான ஆசிரியர்களே. சாதியின் பெயரால் அந்தத் தகுதி அவர்களுக்குத் தரப்படாமல் போனது.

ரதி வேடமும் ஆண்களுடையதாகவே வெகுகாலம் இருந்தது. நேர்த்திக்கடனுக்காக வேடம் கட்டுவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானிப்பதில் குரலையும் உடல்வாகையும் மட்டும் பார்த்தால் போதாது. நேர்த்தி வைத்த குடும்பங்களையும் பரம்பரை உரிமை கோருவோரையும் சமாதானப்படுத்தியாக வேண்டும்.

இந்த இரண்டு வாரமும் வாத்தியாரின் குடும்பத்துக்குச் சுமைதான். பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலிக் கணக்கில் பேர் விழாது. அரைப் பேர் விழுந்தால் அரை நாள் கூலி. நுவரெலியாப் பக்கம் பனி அடித்துத் தேயிலைத் தளிர் கருகும் பருவத்தை ஒட்டியே மாசி வருவதால் கொழுந்து வரும்படியும் குறைந்திருக்கும். கூத்துக்கான செலவு தோட்டத்தில் தலைக்கட்டு வரியாகத் திரண்டாலும் வாத்தியார் வீட்டு அடுப்பு எரிவது மனைவியின் கொழுந்துக் கூடையால்தான். வீட்டில் கவுச்சி கிடையாது. பழக வரும் இளைஞர்களுக்கெல்லாம் சாயத் தண்ணி ஊற்றியாக வேண்டும். லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிள்ளைகள் படுத்தபடியே பாடம் முழுவதையும் கேட்டுவிடுவதால், வாத்தியாரின் மகன் பெரும்பாலும் தனியாகப் படிக்காமலே அடுத்த வாத்தியார் ஆனான்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இலங்கையில் ஏற்கவும் வகை செய்தது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமுறை தலைமுறையாகக் காதால் கைமாறிய ஒரு கலைக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை: ஆடத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் மிஞ்சியபோதும் ஆட்டுவிக்கத் தெரிந்தவர் கப்பலேறிவிட்டால் கூத்து நின்றுபோகும்.

இலங்கைத் தமிழ் நாடக வரலாற்றில் வாத்தியாருக்குக் கிடைத்த இடம் சிறியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலிய தயாரிப்புகளால் கூத்தைப் படித்தவர் மேடைக்குக் கொண்டுவந்தார். அவற்றின் வேர் மட்டக்களப்பு. அங்குள்ள கூத்து ஆசிரியர்களான அண்ணாவிமார் அதனால் பேரும் மதிப்பும் பெற்றார்கள். பேராதனையோ மலையகத்தின் வாசலிலேயே இருக்கிறது; ஆனாலும் தோட்டத்து வாத்தியாருக்கு அந்த மதிப்புக் கிட்டவில்லை. தோட்டப்புறப் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), மலையகக் கலைகளைப் பற்றி எழுதிய மாத்தளை வடிவேலன் போன்றோரின் உழைப்பால்தான் இக்கலைகள் ஏட்டில் ஏறின. அவற்றிலும் கூத்தைப் பற்றிய செய்தி கிடைக்கும் அளவுக்குக் கூத்தைப் பழக்கியவர்களின் வாழ்க்கை கிடைப்பதில்லை.

இன்று நாடகமும் அரங்கியலும் பள்ளிப் பாடமாக உள்ளது. ஆனால் தோட்டத்து இளைஞர் பலர் கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போய்விட்டதால் இரண்டு வாரக் கூத்துக்கு ஆள் சேர்ப்பது கடினமாகியிருக்கிறது. விழா மேடைகளில் சுருக்கியும் ஆடப்படுகிறது. சில தோட்டங்களில் பெண்களும் வேடம் கட்டத் தொடங்கியுள்ளனர்.